திரும்பி வராத நகல் எதற்கு?

செல்போன் தொலைந்தால் போனுக்காக வருந்துகிறவர்களைவிட உள்ளே இருந்த நம்பர்களுக்காகப் புலம்புகிறவர்களே அதிகம். கள்ளக்குறிச்சி மாவட்டம் மூங்கில்துறைப்பட்டில், அங்குள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு பதிந்திருக்கும் ஒரு குடும்பத்தின் போனில் என்னவெல்லாம் இருக்கும்? வெட்டாள் மேஸ்திரியின் நம்பர், டிராக்டர்காரர் நம்பர், எடைச்சீட்டின் போட்டோ, கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்குச் சாட்சியாக ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு, பேரக்குழந்தை தவழ்ந்த வீடியோ. பட்டா, சிட்டாவை அரசு இணையதளத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மேஸ்திரியின் நம்பரை எந்த அலுவலகமும் வைத்திருக்காது. 2024 டிசம்பர் 2-ஆம் தேதி விடியுமுன், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் பலவற்றில் வெள்ளம் புகுந்தது. அந்த நேரத்தில் எதைத் தூக்குவது, எதை விடுவது என்று யோசிக்க முடியாது. போனில் இருப்பதற்கு வேறோர் இடத்தில் நகல் வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. எந்த மென்பொருளை நம்பி எடுப்பது என்பதில்தான் பேச வேண்டியிருக்கிறது.

பேக்கப் செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது வழக்கமாகப் பார்ப்பது, இலவசமா, எத்தனை ஜி.பி. இடம் தருவார்கள், தானாக ஓடுமா என்றுதான். மூன்றுமே நகல் எடுப்பதைப் பற்றிய கேள்விகள். எடுத்த நகல் திரும்பி வருமா, வேறு கம்பெனி போனில் வருமா, பழைய போன் கையில் இல்லாமலே வருமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கையடக்கக் கருவிகளின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி. 1996-இல் அமெரிக்காவில் வெளிவந்த பாம் நிறுவனத்தின் பைலட், முகவரியும் நாட்குறிப்பும் வேலைப் பட்டியலும் வைத்துக்கொள்ளச் சட்டைப்பையில் அடங்கும் கருவி. அதிலிருந்த தகவல் மின்சாரம் இருக்கும்வரைதான் நிற்கும்; பேட்டரி தீர்ந்து மாற்றாமல் விட்டால் எல்லாம் அழிந்துவிடும். ஒரு பொத்தானை அழுத்தினால் கணினிக்கு நகல் போகும் ‘ஹாட்சிங்க்’ வசதியும் கூடவே வந்தது. ஆனால் அது எல்லாவற்றையும் எடுத்ததில்லை. வெளியிலிருந்து நிறுவிய செயலி என்றால், அதை எழுதியவர் ‘இதை நகலெடு’ என்று உள்ளே குறியிட்டிருந்த தகவலை மட்டுமே எடுத்தது. குறி இல்லாதது விடுபட்டிருக்கிறது என்பது, பேட்டரி தீர்ந்து எல்லாம் போன பிறகுதான் பலருக்கும் தெரிந்திருக்கும். அந்த ஓட்டையை அடைக்க ‘பேக்கப்படி’ போன்ற தனி மென்பொருள்கள் விலைக்கு வந்தன. அதிலும் ஒரு சிக்கல்: பழைய கருவியில் இருந்த அத்தனையையும் புது மாடலில் அப்படியே கொட்டினால், ஒத்துவராத பழைய நிரல்கள் புதுக் கருவியைத் திணறடித்துவிடும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்த சிம்ப்யூட்டர் இதை வேறு விதமாக யோசித்தது. ஒரு கருவியைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம், அவரவர் தகவல் அவரவர் ஸ்மார்ட் கார்டில் இருக்கும். 2004-இல் கடைக்கு வந்த அது சந்தையில் நிற்கவில்லை. இருந்தாலும், கருவி வேறு, தகவல் வேறு என்று பிரித்துப் பார்த்ததில் அது பைலட்டைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன்.

‘இப்போதுதான் எல்லாம் தானாகவே கூகுளில் ஏறிவிடுகிறதே’ என்று கேட்கலாம். ஏறுகிறதா என்று பார்த்தால் தெரியும். ஆண்ட்ராய்டு போனின் தானியங்கி பேக்கப் சாதாரணமாக ஓடுவதற்கு, போன் சார்ஜில் இருக்க வேண்டும், இரண்டு மணி நேரம் தொடாமல் கிடக்க வேண்டும், வைஃபை இருக்க வேண்டும். இந்த மூன்றாவதுதான் வம்பு. நகரத்து வீட்டை மனதில் வைத்துப் போட்ட நிபந்தனை. தினசரி டேட்டா பேக்கிலேயே காலம் தள்ளும் மூங்கில்துறைப்பட்டு வீடுகளிலும், சிக்னலைத் தேடிப் போக வேண்டிய கல்வராயன் மலைக் கிராமங்களிலும், பேக்கப் ‘ஆன்’ என்று காட்டிக்கொண்டே மாதக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். செட்டிங்ஸில் கடைசி பேக்கப் தேதியைப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். மொபைல் டேட்டாவிலும் ஓடும்படி அங்கேயே மாற்றிக்கொள்ள முடியும். ஓடினாலும் ஒரு செயலிக்கு 25 எம்.பி. வரைதான். செயலியை எழுதியவர் வேண்டாம் என்று வைத்துவிட்டால் அதுவும் இல்லை. பைலட் காலத்துக் குறி இன்னும் செத்துப்போகவில்லை. இலவச இடம் 15 ஜி.பி.; மெயில், போட்டோவோடு இப்போது ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். போனை 57 நாள் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால் அதன் பேக்கப் அழிக்கப்படலாம் என்பதும் கூகுளின் விதிதான்.

அதற்காகக் கூகுளை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை ஒரு நகலாக மட்டும் எண்ண வேண்டும். இன்னொன்று யாருடைய செயலியும் இல்லாமலே திறக்கக்கூடிய வடிவத்தில் கையில் இருக்க வேண்டும். தொடர்புப் பட்டியலை ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்தால் வி.சி.எஃப். என்ற கோப்பு கிடைக்கும். 1990-களின் நடுவில் உருவான அந்த வடிவத்தை ஆண்ட்ராய்டும் ஐபோனும் கணினியும் ஒன்றுபோலப் படிக்கின்றன. சிம் கார்டில் சேமிப்பது இதற்கு ஈடாகாது: பெரும்பாலும் 250 பெயர்தான் கொள்ளும், நீளமான பெயர் வெட்டுப்படும், போன் தொலைந்தால் சிம்மும் கூடவே போகும். போட்டோக்களை ஓ.டி.ஜி. பென் டிரைவில் ஏற்றி, வேறொரு ஊரில் இருக்கும் மகள் வீட்டில் வைக்கலாம். பென் டிரைவும் கெட்டுப்போகுமே என்றால், கெட்டுப்போகும்தான். இரண்டும் ஒரே நாளில் கெடுவது அரிது என்பதால்தான் இரண்டு. கடைக்காரத் தம்பியிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றித் தந்துவிடுவாரே என்றால், பழைய போன் உயிரோடு இருந்தால்தான் அவராலும் முடியும்.

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம் இன்னும் கனமானது. நகல் கூடக்கூட, அடுத்தவர் கையில் சிக்கும் வழியும் கூடும். வாட்ஸ்அப் 2021 முதல் பேக்கப்பைப் பூட்டி வைக்கும் வசதி தருகிறது. கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ வைத்துக்கொள்ளலாம். அதை மறந்தால் அந்த நிறுவனமே திறந்து தர முடியாது. திருடனுக்கு அஞ்சிப் போட்ட பூட்டு சொந்தக்காரரையே வெளியே நிறுத்திவிடும். சாதாரணக் குடும்பத்துக்கு நம்பர்களும் குழந்தை போட்டோக்களும் பூட்டில்லாமல் இருப்பதே மேல் என்பது என் எண்ணம். ஆதார், வங்கிப் புத்தகப் படங்களை மட்டும் பூட்டிவைத்தால் போதும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், மீட்டுப் பார்க்காத நகலை நகலாக எண்ணக்கூடாது. மென்பொருள் உருவாக்குபவர்களுக்கே சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று தவறுதலாகத் தரவு அழிந்தபோது, வைத்திருந்த ஐந்து பேக்கப் முறைகளில் ஒன்றும் சரிவர வேலை செய்யவில்லை. சுமார் 6 மணி நேரத் தகவல் போயே போயிற்று. வீட்டில் ஒதுக்கிப் போட்ட பழைய போன் ஒன்று இருந்தால் அதில் வி.சி.எஃப். கோப்பைத் திறந்து, மேஸ்திரியின் நம்பர் வருகிறதா என்று பார்க்கலாம். பிறகு, உங்கள் போனைத் தொடாமல் அந்தப் பழைய போனில் கூகுள் கணக்குக்குள் நுழைய முயன்று பாருங்கள். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்; ஓ.டி.பி. தொலைந்த போனின் நம்பருக்கே போகும். மாற்று சிம் வாங்கினாலும் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது. மீட்பு எண்ணாக வீட்டில் இன்னொருவர் நம்பரைக் கொடுத்துவைக்கலாம். கூகுள் தரும் 10 பேக்கப் குறியீடுகளைத் தாளில் எழுதி நிலப் பத்திரத்தோடு வைக்கலாம். போன் கவருக்குள் மட்டும் வேண்டாம்.