கலைவாணர் காட்டிய ஆண்மை

திருகோணமலை துறைமுக நகரம். இயற்கை அமைத்த ஆழ்ந்த துறைமுகங்களுள் இதற்குத் தனிச்சிறப்பு உண்டு. போர்க்கப்பல்கள் தங்கிய இடம் இது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த இடமும் இதுவே. மூட்டை சுமந்தவரும், கயிறு இழுத்தவரும், வலை வீசியவரும் தோள்வலிமையை நம்பியே இங்கு வாழ்ந்து வந்தனர். இத்தகைய ஊரிலே ஆண்மை யாது என்று ஒரு சிறுவனைக் கேட்டால், கையை மடக்கித் தன் புயத்தைக் காட்டுவான். அவன்மீது குற்றமில்லை. அவன் கண்டதும் கேட்டதும் அதுவே.

புயவலிமையோடு வேறு சில விதிகளும் அவனுக்குக் கற்பிக்கப்படுகின்றன. ஆண்மகன் பிறர் தன்னைப் பார்த்துச் சிரிக்க இடந்தரலாகாது என்பது ஒன்று. மனைவியின் சொல்லுக்குத் தலைசாய்க்கலாகாது என்பது இரண்டாவது. துன்பம் வந்தபோது பிறர் தோளிலே, அதிலும் ஒரு பெண்ணின் தோளிலே, சாயலாகாது என்பது மூன்றாவது. இவ்விதிகளை எவரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. ஆயினும் வீட்டிலும் தெருவிலும் திரைப்படக் கொட்டகையிலும் நாள்தோறும் இவை ஓதப்படுகின்றன.

இம்மூன்று விதிகளையும் மீறுவதையே தொழிலாகக் கொண்டவர் நகைச்சுவைக் கலைஞர். கிழக்கிலங்கைக் கூத்துக் களரியை நேயர்கள் நினைவுகூரலாம். அங்கே அரசன் வருமுன் கட்டியக்காரன் வருகின்றான். அரசனின் வரவை அவையோருக்கு அறிவிக்கின்றான். கிரீடமும் வாளும் அரசனுக்கு உரியவை. சபையைத் தன்பால் இழுத்துவைக்கும் திறனோ கட்டியக்காரனுக்கு உரியது. வாளேந்தியவன் வீரன், சிரிக்க வைப்பவன் வெறும் கோமாளி என்று எண்ணிவிடுதல் எளிது. தமிழிலக்கணம் அவ்வாறு எண்ணவில்லை.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து நகையையே முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கும் நகைக்கு நிலைக்களன்கள். இவற்றுள் எள்ளல் இருவகைப்படும் என்று உரையாசிரியர் பேராசிரியர் விளக்குகின்றார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. முதலாவது எவர்க்கும் எளிது. இரண்டாவதற்கு உள்ளத்திலே உறுதி வேண்டும். வீரத்தைக் குறிக்கும் பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டுக்கும் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றார். கல்வி, தறுகண், புகழ், கொடை என்பன அவை. தறுகண் என்னும் அஞ்சாமை இவற்றுள் ஒன்று மட்டுமே. கற்பதும் கொடுப்பதும் அதனோடு சேர்த்தே எண்ணப்பட்டன. புயத்தைக் காட்டும் சிறுவனுக்கு இச்செய்தியை எவரும் சொல்லுவதில்லை.

இவ்விலக்கணத்துக்கு இலக்கியமாக ஒரு மனிதரைக் காட்டவேண்டுமாயின், கடலுக்கு அப்பால் தென்குமரி நாட்டிலே பிறந்து, இலங்கைத் தமிழரும் தம்மவராகவே கொண்டாடிய கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனைக் காட்டலாம். அவர் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியிற் பிறந்தார். வறுமை அவரைப் பள்ளிக்கூடத்திலே நெடுநாள் இருக்க விடவில்லை. டென்னிசு ஆடுமிடத்திலே பந்து பொறுக்கிக் கொடுத்தார். நாடகக் கொட்டகையிலே தின்பண்டம் விற்றார். அந்நாட்டுக்கே உரிய வில்லுப்பாட்டு அவருக்கு முதற் கலையாயிற்று. பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிற் சேர்ந்து நடிப்பைப் பயின்றார்.

1936ஆம் ஆண்டில் வெளிவந்த 'சதிலீலாவதி' அவரைத் திரையிலே நிலைநிறுத்தியது. தமக்குரிய நகைச்சுவைப் பகுதியைத் தாமே அமைத்துக்கொள்ளும் வழக்கத்தை அவர் மேற்கொண்டார். கதாநாயகன் வாள் வீசி ஓய்ந்தபின் இடைவெளியை நிரப்புவதற்காக வந்து போகும் வேலையாக அவர் நகைச்சுவையைக் கருதவில்லை. 1940ஆம் ஆண்டின் 'சகுந்தலை'யிலே டி. எஸ். துரைராசுவும் அவரும் மீனவராக வரும் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். பழைய காவியக் கதைக்கு நடுவே, கடலை நம்பி வாழும் எளிய மனிதரின் பேச்சும் பிணக்கும் அங்கே ஒலித்தன. துறைமுக மக்களுக்கு அப்பகுதியின் சுவையை விளக்கிக் கூறவேண்டியதில்லை.

இனி முற்கூறிய மூன்று விதிகளையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதல் விதி, பிறர் தன்னைப் பார்த்துச் சிரிக்க இடந்தரலாகாது என்பது. கிருஷ்ணனின் நகைச்சுவையிலே அடிபடுகின்றவர் பெரும்பாலும் அவரேயாவார். ஊனமுற்றவரையோ ஏழையையோ இழித்துக் கைதட்டல் வாங்கும் எளிய வழியை அவர் நாடவில்லை. வீறாப்புப் பேசும் ஆணாக அவரே வருவார். அவ்வீறாப்பு உடைந்து சிதறுவதை அவையோர் காண்பர். தன் மீசையைத் தானே முறுக்கிக்கொள்ளும் மனிதனின் உள்ளே எத்துணை அச்சம் இருக்கின்றது என்பதை அவர்கள் சிரித்துக்கொண்டே அறிந்துகொள்வர். பிறர் எள்ளத் தான் நகுதல் என்று உரையாசிரியர் கூறியது இதுவே.

இரண்டாம் விதி, மனைவியின் சொல்லுக்குத் தலைசாய்க்கலாகாது என்பது. டி. ஏ. மதுரத்தை அவர் 'வசந்தசேனா' என்னும் படத்தின் பணிக்காகப் பூனா நகருக்குச் சென்ற காலத்திலே சந்தித்தார். அதன்பின் இருவரும் பல படங்களில் இணைந்து நடித்தனர். 'கண்ணகி', 'ஹரிதாஸ்' முதலிய படங்களைக் கண்டோர் அவ்விணையை மறந்திருக்கமாட்டார். அக்காலப் படங்களிலே கதாநாயகி கண்ணீர் விடுவாள், கணவன் காலில் விழுவாள், பொறுமையின் வடிவமாய் நிற்பாள். மதுரம் ஏற்ற பெண்ணோ வாதாடினாள், கேள்வி கேட்டாள், சொல்லுக்குச் சொல் விடை கொடுத்தாள், பலமுறை வென்றாள். தோற்ற கணவன் கையை ஓங்கவில்லை, அசடு வழியச் சிரித்தான். தோல்வியைச் சிரித்து ஏற்கும் அக்கணவனை மக்கள் இகழவில்லை, நேசித்தனர். கதாநாயகன் நூறு பேரை அடித்துப் பெறும் அன்பை இக்கணவன் ஒருத்தியிடம் தோற்றே பெற்றுக்கொண்டான்.

மூன்றாம் விதியை மீறும் நிலை திரையிலன்றி வாழ்க்கையிலேயே அவருக்கு வாய்த்தது. 1944ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் 'இந்துநேசன்' இதழாசிரியர் இலட்சுமிகாந்தன் சென்னையிலே தாக்கப்பட்டு இறந்தார். அவ்வழக்கிலே எம். கே. தியாகராச பாகவதரும் கிருஷ்ணனும் டிசெம்பரிற் கைதாயினர். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீடு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டு 1947ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் இருவரும் விடுதலையாயினர். புகழின் உச்சியிலே இருந்த மனிதர் இரண்டாண்டுக்கு மேலாகச் சிறைச்சுவருக்குள் வாழ நேர்ந்தது.

அக்காலத்திலே குடும்பத்தையும் நாடகக் குழுவையும் வழக்கையும் தாங்கி நின்றவர் மதுரம். எஸ். வி. சகஸ்ரநாமம் முதலிய நண்பர்கள் துணைநின்றனர். வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டும் நோக்குடன் 'பைத்தியக்காரன்' என்னும் படம் தொடங்கப்பட்டது. கைம்பெண் மறுமணத்தை ஆதரித்த படம் அது. கிருஷ்ணன் விடுதலையாகி வந்தபின் அதிலேயே தாமும் தோன்றினார். மனைவியின் முயற்சியால் எழுந்த மேடையிலே வந்து நிற்பதை அவர் இழுக்காகக் கருதவில்லை. பாகவதர் தம் பழைய உயரத்தை மீண்டும் எட்டவில்லை. கிருஷ்ணனோ மக்களை மீண்டும் சிரிக்க வைத்தார். வீழ்ந்தவன் எழுவதற்குப் பிறர் தோள் வேண்டும் என்பதையும், அத்தோளைப் பற்றுவது வெட்கமன்று என்பதையும் அவர் வாழ்க்கையே காட்டிற்று.

பெருமிதத்தின் நிலைக்களன்களுள் கல்வியும் கொடையும் உண்டென்று முன்னர்க் கண்டோம். அவையும் இவரிடத்தே விளங்கின. 1949ஆம் ஆண்டிலே அறிஞர் அண்ணாத்துரையின் எழுத்தில் 'நல்லதம்பி' வெளிவந்தது. ஃபிராங்க் காப்ரா 1936இல் இயக்கிய ஆங்கிலப் படமொன்றின் கருவைத் தழுவியது அது. மதுவிலக்கை வற்புறுத்திய அப்படத்திலே 'கிந்தனார்' கதாகாலட்சேபம் இடம்பெற்றது. நந்தனார் தில்லைக்குப் போக ஏங்கினார். கிந்தனோ படிப்பதற்காகப் பட்டணம் போக ஏங்கினான். ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்த அச்சிறுவன் கற்று உயர்ந்து, பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் அதிகாரியாகத் தன் ஊருக்கே திரும்பி வருகின்றான். தன்னை இழித்தவர்களை அவன் வாளால் வெல்லவில்லை, கல்வியால் வென்றான். நாற்காலிகளில் அமர்ந்திருந்தோரும் தரையில் அமர்ந்திருந்தோரும் அக்கதையைக் கேட்டுச் சேர்ந்தே சிரித்தனர். நெடிய சொற்பொழிவு ஒன்று செய்யவேண்டிய வேலையை ஒரு நாழிகைச் சிரிப்பு செய்து முடித்தது.

1952ஆம் ஆண்டில் அவர் இயக்கிய 'பணம்' வரதட்சணைக் கொடுமையைச் சாடியது. இந்நாட்டிலே சீதனம் என வழங்கும் அவ்வழக்கத்தை, பெண்ணுக்கு நேரும் துன்பமாக மட்டும் எண்ணுதல் போதாது. விலைபேசப்படும் ஆணுக்கு அது இழிவு என்பதையும் எண்ண வேண்டும். தன்னை விற்பதற்கு இசைபவன் எவ்வாறு தன்னை ஆண்மகன் என்று கூறிக்கொள்வான்? ஈட்டிய பொருளைக் கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவர் அவர் என்பதோ அவரை அறிந்தோர் அனைவரும் கூறிய செய்தி.

அவரைக் குறையற்றவராகக் காட்டுதல் உண்மைக்கு மாறாகும். மதுரத்தை மணந்தபோது அவர் முன்னரே மணமானவர். அக்காலத்து ஆண்களுக்குச் சமுதாயம் வழங்கியிருந்த உரிமையை அவரும் துறக்கவில்லை. மேடையிலே மனைவியிடம் தோற்றுக் காட்டியவர் வாழ்க்கையிலே ஆணுக்குரிய வசதிகள் அனைத்தையும் விட்டுக்கொடுத்தார் என்று கூறுவதற்கில்லை. கலை அதைப் படைத்தவனைக் காட்டிலும் சற்று முன்னே நடக்கின்றது. பின்வருவோர் கலையின் அடியைப் பற்றி நடக்கலாம். கலைஞனின் ஒவ்வோர் அடியையும் பற்றவேண்டியதில்லை.

இலங்கை வானொலியும் இவ்வழியிலே தன் பங்கைச் செய்துள்ளது. சானா என்று நேயர்கள் அழைத்த சண்முகநாதன் வழங்கிய 'இலண்டன் கந்தையா'வும், 'விதானையார் வீட்டில்' நாடகமும் மூத்த நேயர்களின் நினைவில் இன்றும் உள்ளன. பிற்காலத்திலே கே. எஸ். பாலச்சந்திரன் 'அண்ணை றைற்' என்னும் தனிநடிப்பிலே பேருந்து நடத்துனர் ஒருவரை நம் கண்முன் நிறுத்தினார். இவற்றில் எவரும் வாளேந்தவில்லை. நம்மைப் போன்ற மனிதரே தம் பெருமையோடும் சிறுமையோடும் வந்தனர். அவர்களைப் பார்த்துச் சிரித்தபோது நம்மைப் பார்த்தே நாம் சிரித்துக்கொண்டோம்.

இன்றைய திரையிலே அரிவாளும் துப்பாக்கியும் மலிந்துள்ளன. கதாநாயகன் பேசும் ஒவ்வொரு சொல்லும் அறைகூவலாக இருக்கின்றது. கிழக்குக் கரையிலோ நீண்ட போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் எத்தனையோ வீடுகளிலிருந்து தந்தையரைக் கொண்டுசென்றன. அவ்வீடுகளை நிமிர்த்தியவர்கள் பெண்கள். தந்தையைக் காணாது வளர்ந்த மகன் ஆண்மையின் இலக்கணத்தைத் திரையிலிருந்தே கற்கின்றான் என்றால், அங்கே அவன் காண்பது என்ன என்பது பொழுதுபோக்கைப் பற்றிய கேள்வியாக மட்டும் இராது. அவன் நாளை கட்டப்போகும் குடும்பத்தைப் பற்றிய கேள்வி அது. கோபம் ஒன்றையே வெளியிடத் தெரிந்தவன், துயரத்தையும் அச்சத்தையும் கோபமாகவே வெளியிடுவான். தன்னைப் பார்த்துச் சிரிக்கக் கற்றவனுக்கோ வேறொரு வழி திறந்திருக்கின்றது.

1957ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆம் நாள் கலைவாணர் சென்னையிலே மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. அதற்கு ஆறு வாரங்களின் பின், ஒக்டோபர் 15ஆம் நாள், திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் இலங்கையிடம் ஒப்படைத்தனர். குண்டு பொழிந்த விமானங்களும் இல்லை, அவற்றை எதிர்த்துச் சுட்ட பீரங்கிகளும் இல்லை. துறைமுகம் இருக்கின்றது. பீரங்கிகள் இருந்தமையால் அது சிறந்த துறைமுகம் ஆகவில்லை. அதன் நீர் ஆழமானது. புயற்காலத்திலே வந்தடைந்த கலத்துக்கு அது அமைதியான இடம் தந்தது. அதுவே அதன் சிறப்பு. தன் புயத்தைக் காட்டும் சிறுவனை அக்கரையிலே நிறுத்தி இதனைச் சொல்லிக் கொடுக்கலாம். வீட்டார்க்கு அத்தகைய இடமாக இருப்பவனே ஆண்மகன் என்பதை அவன் விளங்கிக்கொள்வான்.