ஆங்கில வகுப்பில் தமிழுக்கு இடமுண்டா?

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் வகுப்பறையில் தமிழைக் கலந்து பேசலாமா? பெற்றோர் பலர் இதனைக் குறையென்றே கருதுகின்றனர். 1961ஆம் ஆண்டு உகண்டாவின் மக்கரேரேயில் கூடிய பொதுநலவாய மாநாட்டிலும், ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பித்தல் வேண்டும் என்ற கொள்கை வலுப்பெற்றது. ஆனால் 1992இல் றொபேட் பிலிப்சன் என்னும் அறிஞர் தமது நூலில் அதனைத் தவறான நம்பிக்கையென மறுத்தார். நம் நாட்டவரான சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணத்து ஆங்கில வகுப்புகளை ஆராய்ந்து, 1995இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வகுப்பை நடத்தவும் பாடத்தை விளக்கவும் தமிழ் அங்கே துணைபுரிவதை அதில் எடுத்துக்காட்டினார்.

இத்துணை எத்தகையது? "எனக்குப் பசிக்கிறது" என்கிறோம். தமிழில் பசி எனக்கு நேர்கிறது. ஆங்கிலத்திலோ நானே எழுவாயாகி, "ஐ ஆம் ஹங்றி" என்கிறேன். "வீட்டில்" என்னும் சொல்லில் "இல்" உருபு பெயருக்குப் பின்னே நிற்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு நிகரான "இன்" பெயருக்கு முன்னே நிற்கிறது. இவ்வேறுபாட்டைத் தமிழில் ஒரு நிமிடத்தில் உணர்த்திவிடலாம். ஆங்கிலத்திலேயே விளக்கப் புகுந்தால், விளங்காத மொழிக்கு விளங்காத மொழியே உரையாகும். வினவ அஞ்சும் பிள்ளை பின்வாங்கிலில் மௌனமாகிவிடுவான். அம்மௌனம் காலப்போக்கில், "எனக்கு ஆங்கிலம் வராது" என்னும் முடிவாக இறுகிவிடும்.

எனினும், மருந்துக்கும் அளவுண்டு. கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் செவியில் விழும் இடம் அவ்வகுப்பறை ஒன்றே. அங்கும் ஆசிரியர் வரிக்கு வரி மொழிபெயர்த்தால், பிள்ளை தமிழுக்காகக் காத்திருப்பானேயன்றி ஆங்கிலத்திற்குச் செவிகொடுக்கமாட்டான். "இந்த வேர்ப்பைச் சேஞ்ச் பண்ணு" என்னும் கலப்புப் பேச்சோ இரு மொழியையும் கெடுக்கும். அதில் ஆங்கில வாக்கியமும் இல்லை. நல்ல தமிழும் இல்லை.

ஆகவே, ஆசிரியர் முதலில் ஆங்கிலத்திற் கூறுக. மாணவர் முகம் வாடுமிடத்துத் தூய தமிழில் ஒரு வாக்கியம் விளக்குக. மீண்டும் ஆங்கிலத்திற்கே திரும்பி, மாணவனையும் அவ்வாக்கியத்தைச் சொல்லச் செய்க. இறுதிச் சொல் மாணவன் வாயிலிருந்து ஆங்கிலமாக வருதல் வேண்டும்.

பெற்றோரே, "வாத்தியார் தமிழிலா படிப்பிக்கிறார்?" என்று கேட்பதை விடுத்து, "இன்று நீ ஆங்கிலத்தில் என்ன பேசினாய்?" என்று பிள்ளையைக் கேளுங்கள். ஆங்கில வகுப்பின் பயனை அளக்கும் கோல் அவ்விடையே. தாய்மொழி படகு போன்றது. அக்கரை சேர்வதற்கு அது வேண்டும். சேர்ந்தபின் இறங்கி நடத்தலும் வேண்டும்.