வழிகாட்டும் கருவியும் வழி வகுக்கும் மனிதனும்

பதினோரு நாள்களில் 11,000 மைல்கள். அதாவது ஏறக்குறைய 17,700 கிலோ மீட்டர். இத்துணைத் தொலைவை மோட்டார் சைக்கிளில் கடப்பது இயலுமா என்று கேட்டால், நம்மில் பலர் புன்னகைத்துவிட்டு அப்பால் சென்றுவிடுவோம். ஆனால் வட அமெரிக்காவில் இதற்கெனவே ஒரு போட்டி நடைபெறுகின்றது. 1984-ஆம் ஆண்டில் தொடங்கிய அதன் பெயர் 'அயர்ன் பட் ரேலி'. இப்போது ஈராண்டுக்கு ஒரு முறை ஏறத்தாழ நூறு பேர் இதில் கலந்துகொள்கின்றனர்.

இது வேகப் பந்தயம் அன்று. முதலில் வந்து சேர்பவருக்கே வெற்றி என்னும் விதி இதில் இல்லை. நாடெங்கும் சிதறிக் கிடக்கும் இடங்களின் நீண்ட பட்டியல் ஒன்று ஓட்டுநர்களிடம் தரப்படும். ஒவ்வோர் இடத்திற்கும் இத்தனை புள்ளிகள் என்று மதிப்பு உண்டு. ஓட்டுநர் அங்கே சென்று, தம் எண் பொறித்த கொடியுடன் அவ்விடத்தைப் புகைப்படம் எடுத்து வரவேண்டும். குறித்த நேரத்திற்குள் சோதனை நிலையத்தை அடையாவிடில் புள்ளிகள் கழிக்கப்படும். மேலும் தாமதமானால் போட்டியிலிருந்தே விலக்கப்படுவர். பட்டியலில் உள்ள எல்லா இடங்களையும் காண்பது எவராலும் இயலாது. ஆகவே, எதைக் கொள்வது, எதை விடுவது என்பதே இதன் உயிர்நிலை.

கணிப்பொறி செய்வதும் செய்யாததும்

பட்டியல் கைக்கு வருவது பெரும்பாலும் புறப்படுவதற்கு முந்தைய மாலையில்தான். முற்காலத்தில் காகித வரைபடங்களைத் தரையில் விரித்து, பென்சிலால் கோடிட்டுப் பாதை வகுத்தனர். இன்றோ மடிக்கணினியும் வரைபட மென்பொருளும் அப்பணியைச் செய்கின்றன. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'ஸ்ட்ரீட்ஸ் அண்ட் டிரிப்ஸ்', 2014-இல் நிறுத்தப்படும் வரை பலருடைய விருப்பத்திற்கு உரியதாய் இருந்தது. கார்மின் நிறுவனத்தின் 'பேஸ்கேம்ப்' மென்பொருளையும் ஓட்டுநர் பலர் பயன்படுத்தி வந்துள்ளனர்.

இரண்டு இடங்களுக்கிடையே குறைந்த நேரம் பிடிக்கும் சாலையைக் கண்டறிவது கணிப்பொறிக்கு எளிது. அதற்கான வழிமுறையை நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-லேயே வெளியிட்டுவிட்டார். ஆனால் பல இடங்களை எந்த வரிசையில் காண்பது என்பது வேறு வினா. பத்து இடங்களை 36,28,800 விதமாக வரிசைப்படுத்தலாம். பதினைந்து இடங்களானால் அவ்வெண் 1.3 இலட்சம் கோடியைத் தாண்டிவிடும்! எவ்விடங்களை விட்டுவிடலாம் என்ற கேள்வியும் சேரும்போது சிக்கல் இன்னும் பெருகுகிறது.

மேலும், கணிப்பொறி தரும் பயண நேரம் சாலையின் நேரமே அன்றி மனிதனின் நேரம் அன்று. பெட்ரோல் நிரப்புவதும் உணவு உண்பதும் படம் எடுப்பதும், நாம் சொல்லாதவரை, அதன் கணக்கில் இல்லை. நண்பகல் வெப்பத்தையும், அந்தி நேரத்தில் சாலையின் குறுக்கே பாயும் மான்களையும் அது அறியாது. அமெரிக்கப் பெருநிலத்தில் நான்கு நேர மண்டலங்கள் உள்ளன. கிழக்கு நோக்கிச் செல்பவர் ஒவ்வொரு மண்டலத்திலும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளவேண்டும். மாலையில் மூடப்படும் ஓரிடத்தை நோக்கி விரைபவர் இதனை மறந்தால், பூட்டிய கதவைத்தான் காண்பார்.

விண்ணில் சுழலும் கடிகாரங்கள்

வகுத்த பாதை பின்னர் வண்டியின் கைப்பிடியில் பொருத்திய ஜி.பி.எஸ். கருவிக்கு மாற்றப்படுகின்றது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் சுழலும் செயற்கைக் கோள்கள் அணுக் கடிகாரங்களைச் சுமந்து, நேரத்தை ஓயாது அறிவிக்கின்றன. நான்கு கோள்களின் செய்தி கிடைத்தால், அது வந்து சேர்ந்த கால வேறுபாட்டைக் கொண்டு கருவி தன் இருப்பிடத்தை அறிந்துகொள்ளும்.

அமெரிக்க இராணுவத்திற்கென அமைக்கப்பட்டது இவ்வேற்பாடு. 1983-இல் வழி விலகிய கொரியப் பயணி விமானம் ஒன்று சோவியத் வான்வெளியில் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன் பின்னரே இது பொதுமக்களுக்கும் திறந்துவிடப்படும் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழையும் 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கருவிக்கு அனுப்பப்படும் பாதை இருவகைப்படும். ஒன்று 'ரூட்', இதில் செல்லவேண்டிய இடங்கள் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். இடைப்பட்ட சாலையைக் கருவி தானே தேர்ந்துகொள்ளும். கணிப்பொறியில் உள்ள வரைபடமோ விருப்பங்களோ கருவியில் உள்ளவற்றினின்று மாறுபட்டால், நாம் நினைத்த சாலையை விட்டு வேறு சாலையில் அது நம்மை இட்டுச்செல்லும். மற்றது 'டிராக்', இது வரைந்த கோடு போல மாறாதிருக்கும். எனவே அனுபவமுள்ளோர் இடையிடையே வழிப்புள்ளிகளை இட்டு ரூட்டைக் கட்டுப்படுத்துவர். கருவிக்கு மாற்றிய பின்னர் மீண்டும் ஒரு முறை சரிபார்ப்பர்.

உறக்கத்திற்கும் ஓரிடம்

சராசரியாக நாளொன்றுக்கு 1,600 கிலோ மீட்டர் செல்லவேண்டும். மணிக்கு 90 கிலோ மீட்டர் வீதம் சென்றாலும் ஏறக்குறைய 18 மணி நேரம் ஆகும். எஞ்சுவது ஆறு மணியே! அதற்குள் உணவும் பெட்ரோலும் உறக்கமும் அடங்கவேண்டும். நாளைக்கு ஐந்து முறை, ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் நின்றால், பதினோரு நாள்களில் 18 மணி நேரத்துக்கு மேல் கழிந்துவிடும். அதனையே பத்து நிமிடமாகச் சுருக்கினால் ஒன்பது மணி நேரம் மிஞ்சும். அஃது ஒரு முழு இரவின் துயில். அறிவுள்ள ஓட்டுநர் வேகத்தைக் கூட்டி நேரத்தைத் தேடுவதில்லை. வீணே நிற்பதைக் குறைத்துத் தேடுகின்றார்.

உறக்கம் இங்கே உயிர்ப் பிரச்சினை. பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் 1997-இல் காட்டினர். காரில் கண்ணயர்பவரைச் சுற்றி இரும்புக் கூடாவது உண்டு. இருசக்கர வண்டியில் அயர்பவருக்கு அதுவும் இல்லை. இதனை உணர்ந்தே, சான்றுடன் ஓய்வெடுப்பவர்க்கும் இப்போட்டியில் புள்ளிகள் வழங்குகின்றனர். ஓய்வும் பயணத்தின் ஒரு பகுதியே என்பதை விதியாகவே எழுதி வைத்திருப்பது நம் பாராட்டுக்குரியது.

இன்று நம் இல்லங்களில் பலருடைய கைப்பேசியில் இவ்வழிகாட்டி குடிகொண்டுள்ளது. 'இன்ன நேரத்தில் போய்ச் சேர்வாய்' என்று அது கூறும்; 'நீ களைத்திருக்கிறாய், நில்' என்று கூறாது. இரவோடு இரவாக வண்டியில் புறப்படத் துடிக்கும் பிள்ளைகளிடம் பெற்றோர் கேட்கவேண்டிய கேள்வி, "எத்தனை மணிக்குப் போய்ச் சேருவாய்?" என்பது மட்டுமன்று, "எங்கே தங்கி இளைப்பாறுவாய்?" என்பதுமாகும்.