உங்களுக்குத் தெரியுமா? நெறி கட்டினால் மனமும் சோரும்

டைபாய்டு தடுப்பூசி போட்டுக்கொண்ட ஆரோக்கியமான இளைஞர்களுக்குச் சில மணி நேரத்திலேயே மனம் சோர்ந்துபோனது! வெறும் உப்புநீர் ஊசிக்கு அப்படி ஆகவில்லை. இங்கிலாந்தில் நடந்த இந்த ஆய்வு 2009-இல் வெளியானது. காரணம், உடம்பில் எழுந்த லேசான அழற்சி. (தற்காலிகச் சோர்வுதான், ஊசிக்குப் பயப்பட வேண்டாம்.)

• அழற்சியின்போது, கிருமியை எதிர்க்கும் செல்கள் சைட்டோகைன் என்ற புரதங்களைச் சுரக்கின்றன. ரத்தம் வழியாகவும், வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகவும் மூளைக்குச் சேதி போகிறது. பசி மந்தம், தூக்கம், யாரோடும் பேசப் பிடிக்காத எரிச்சல் எல்லாம் மூளை போடும் உத்தரவு. காய்ச்சலில் படுத்தவரைச் ‘சோம்பேறி’ என்பவர்கள் கவனிக்க.

• ஹெபடைடிஸ்-சி நோய்க்கு முன்பு தந்த இன்டர்ஃபெரான் ஊசியும் ஒரு சைட்டோகைன்தான். போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மனச்சோர்வு வந்தது.

• கும்பகோணம் யானைக்கால் நோய்க்கு நெடுநாள் பேர்போனது. தொடை இடுக்கில் நெறி கட்டி, குளிர் ஜுரம் அடிக்கும் நாட்களில் உடம்பில் நடப்பதும் அழற்சியே. வீங்கிய காலோடு ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்களிடம் மனச்சோர்வு அதிகம். அதில் ஊரார் பார்வைக்கும் பங்குண்டு. எல்லாப் பழியையும் சைட்டோகைன் தலையில் கட்ட முடியாது.

• வீங்கிய காலைத் தினமும் சோப்பு போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்தாலே அந்தக் குளிர் ஜுரம் வருவது குறையும். நடவுச் சேற்றிலிருந்து ஏறியதும் செய்வது இன்னும் நல்லது.