பாட்டியின் மாத்திரைப் போத்தலும் பயனீட்டாளர் சட்டமும்

நான் சட்டத்துறை மாணவி அல்லள், கணக்கியல் படிப்பவள். இரண்டாம் ஆண்டில் எடுத்த வணிகச் சட்டப் பாடம் ஒன்றுதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த தமிழைக்கொண்டு எழுதுகிறேன். சட்டச் சொற்கள் எனக்கு மலாயிலும் ஆங்கிலத்திலுமே அறிமுகம் ஆனவை, பிழையிருப்பின் பொறுத்தருள்க.

நான் நான்காம் படிவம் படித்தபோது என் பாட்டிக்குக் கடுமையான முட்டி வலி. முப்பது ஆண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்ட நடந்த கால்கள். எங்கள் ஊர் பாசார் மாலாமில் ஒருவர் ‘முழுக்க மூலிகை’ என்று சொல்லி ஜாமு மாத்திரை விற்றார். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. சில மாதங்களில் பாட்டியின் முகம் நிலாபோல் உருண்டது. “இப்பதான் சதை போட்டிருக்காங்க” என்று அத்தை மகிழ்ந்தார். பிறகு அந்த வியாபாரி மூன்று வாரம் வரவில்லை, மாத்திரையும் தீர்ந்தது. ஒரு காலையில் பாட்டி குளியலறையில் மயங்கி விழுந்தார்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, “பாட்டி ஜாமு ஏதும் சாப்பிட்டாங்களா?” என்பதுதான். வலிக்கு விற்கப்படும் சில பதிவுபெறாத ஜாமுக்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளைக் கள்ளத்தனமாகக் கலந்துவிடுகிறார்கள். அதனால்தான் அவை அவ்வளவு விரைவாக வேலை செய்கின்றன. நெடுநாள் உட்கொண்டால், நம் உடலின் அட்ரீனல் சுரப்பி தன் பங்குக்குச் சுரக்க வேண்டியதைக் குறைத்துவிடுகிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தும்போது உடலிடம் கையிருப்பு இல்லை; இரத்த அழுத்தம் சரிகிறது. பாட்டிக்கும் இதுவே நேர்ந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். ‘நேர்ந்திருக்க வேண்டும்’ என்ற அந்தச் சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப் பாதிக்கப்பட்டவர் யார்மேல் வழக்குத் தொடுப்பது? முன்பெல்லாம் தயாரிப்பாளரின் கவனக்குறைவை நோயாளிதான் நிரூபிக்க வேண்டும். இதன் கொடுமையை உலகுக்குக் காட்டியது தாலிடோமைடு. மேற்கு ஜெர்மனியில் குருனெந்தால் நிறுவனம் 1957இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்தத் தூக்க மருந்தைக் கர்ப்பிணிகளும் குமட்டலுக்காக உட்கொண்டனர். 1961 நவம்பரில் அங்கு அது மீட்டுக்கொள்ளப்பட்டது; அந்த மருந்தால் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்துவிட்டதாக மதிப்பிடப்படுகிறது. பிரிட்டனில் அதை விற்ற டிஸ்டில்லர்ஸ் நிறுவனத்தின் கவனக்குறைவை நிரூபிப்பது அத்தனை கடினமாக இருந்ததால், குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் பேரம் பேச வேண்டியதாயிற்று. சண்டே டைம்ஸ் வார ஏட்டின் தொடர் கட்டுரைகள் 1972இல் பொதுமக்களைக் கொதிக்கச் செய்த பின்னரே, 1973இல் பெரிய அளவிலான இழப்பீடு முடிவாயிற்று. குருனெந்தால் மன்னிப்புக் கேட்டதோ 2012இல்! அப்போது அக்குழந்தைகளுக்கு ஐம்பது வயது.

இந்த அனுபவமும் சேர்ந்தே ஐரோப்பிய நாடுகளின் 1985ஆம் ஆண்டு நெறிமுறைக்கும், பிரிட்டனின் 1987ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் வழிவகுத்தது. நம் நாட்டின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் பத்தாம் பகுதி அதே வழியில் அமைந்ததுதான். இதன்படி கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை. பொருளில் குறை இருந்தது, பாதிப்பு ஏற்பட்டது, அக்குறையால்தான் ஏற்பட்டது என்ற மூன்றைக் காட்டினால் போதும். பொதுமக்கள் எதிர்பார்க்க உரிமையுள்ள அளவுக்குப் பாதுகாப்பு இல்லாத பொருளே ‘குறையுள்ள பொருள்’.

விரிவுரையில் 68ஆம் பிரிவைக் கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தயாரித்தவர், தன் பெயரை ஒட்டித் தயாரிப்பாளர்போல் காட்டிக்கொண்டவர், இறக்குமதி செய்தவர் மூவரும் பொறுப்பாளிகள். விற்றவரிடம், “இதைத் தயாரித்தவர் யார்?” என்று நியாயமான காலத்துக்குள் கேட்க வேண்டும். நியாயமான காலத்துக்குள் அவர் அதையோ, தமக்கு விற்றவரையோ அடையாளம் காட்டாவிட்டால் அவரே பொறுப்பாளி ஆகிறார். அன்று அப்பா அந்த வியாபாரியைத் தேடிப்போய்க் கேட்டார். “ஒரு கூட்டாளி கொண்டுவந்து தருவார், பெயரெல்லாம் தெரியாது” என்று பதில் வந்தது. அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். வழக்கின் கதவு திறந்திருந்த இடம் அதுவென்று எங்களுக்கு யார் சொல்வார்?

ஆனால் திறந்த கதவால் மட்டும் என்ன பயன்? போத்தலை அத்தை கோபத்தில் குப்பையில் எறிந்துவிட்டார். இரசீது என்ற ஒன்றே இல்லை. ஆய்வுக்கு அனுப்ப ஒரு மாத்திரையும் மிஞ்சவில்லை. ஆகவே ‘நேர்ந்திருக்க வேண்டும்’ என்பது ‘நேர்ந்தது’ ஆகவே முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றம் மலிவானது, வழக்கறிஞர் வேண்டாம். ஆனால் உடற்காயம், மரணம் தொடர்பான கோரிக்கைகளை அது ஏற்பதில்லை. நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தீபகற்ப மலேசியாவில் அதற்கும் பொதுவாக ஆறாண்டுக் கெடு. அரசாங்கத்தின்மேல் என்றால் 36 மாதம்தான். பாட்டி விழுந்து இந்த ஆகஸ்டோடு ஆறாண்டு முடிந்துவிட்டது.

இதையெல்லாம் பாட்டியிடம் விளக்கினேன். “கேஸ் போட்டா முட்டி வலி போயிடுமாடி?” என்று சிரித்தார். ஆனாலும் இப்போது வீட்டுக்கு வரும் எந்த மருந்தையும் முதலில் என்னிடம்தான் நீட்டுகிறார். பதிவுபெற்ற மருந்தில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவெண் இருக்கும். தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் அதைத் தட்டிப் பார்க்கலாம். போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு வலிநிவாரணி மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவந்தார். எண் அச்சிட்டிருந்தது. தட்டிப் பார்த்தேன், அது வேறேதோ பொருளுக்கு உரிய எண். பெட்டியை அவரிடம் திருப்பித் தரவில்லை. மாத்திரையோடும் இரசீதோடும் ஒரு பையில் கட்டி, தேதி எழுதி, என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.