நானும் கட்டினேன், ஓர் இணையப் பக்கம்!

"அக்கா, பாப்பாவுக்கு அடுத்த ஊசி என்னிக்கு?"

மானாம்பதியில் எங்கள் வீட்டில் இப்படிக் கேட்டவள் என் ஓரகத்தி. தடுப்பூசி அட்டை மழையில் நனைந்து எழுத்தெல்லாம் கரைந்து போயிருந்தது.

பத்தாவது படிக்கும் என் மகன், "ஏ.ஐ.கிட்ட சொல்லும்மா. பிறந்த தேதியைப் போட்டா ஊசித் தேதியெல்லாம் காட்டுற மாதிரி ஒரு பக்கமே பண்ணிக் கொடுக்கும்" என்றான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவளுக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் என்ன சம்பந்தம்?

இருந்தாலும் ஆசை விடவில்லை. அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தேன். தமிழிலேயே சொன்னேன்: "குழந்தை பிறந்த தேதியைக் கேட்கணும். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசித் தேதிகளைப் பெரிய எழுத்தில் காட்டணும்." குக்கர் மூன்று விசில் கொடுப்பதற்குள் பக்கம் தயார்! மஞ்சள் நிறம் வேண்டுமென்றேன், மாறிற்று. சிறுவயதில் முதல் சிக்குக் கோலத்தைப் பிசகாமல் முடித்தபோது வந்த சந்தோஷம், அன்று மறுபடி வந்தது.

இப்படிப் பேச்சாலேயே புரோகிராம் எழுத வைப்பதற்கு 'வைப் கோடிங்' என்று 2025 பிப்ரவரியில் பெயர் சூட்டியவர் ஆந்த்ரே கர்பாத்தி என்ற கம்ப்யூட்டர் நிபுணர். அந்த ஆண்டின் சொல்லாகக் காலின்ஸ் ஆங்கில அகராதி அதையே தேர்ந்தெடுத்தது.

பெருமையோடு நர்ஸம்மாவிடம் காட்டினேன். அவர் மார்ச் 1 என்று ஒரு தேதியைப் போட்டுப் பார்த்தார். "ஏம்மா, மூணாவது தவணை 14 வாரத்துல. அதாவது 98 நாள், ஜூன் 7. இது ஜூன் 14-னு காட்டுதே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாரம் தள்ளிப் போயிருக்குமே! ஆனால் தப்பு யாருடையது? 'மூன்றரை மாதம்' என்று பேச்சுவாக்கில் சொன்னவள் நான். அது மாதத்துக்கு 30 நாள் என்று 105 நாளை எண்ணிவிட்டது.

சகோதரிகளே, நீங்களும் செய்து பார்ப்பதானால் இவற்றைக் கவனியுங்கள்:

* 6, 10, 14 வாரம் என்றே சொல்லுங்கள். மாதக் கணக்கு வேண்டாம்.

* இந்த மூன்று தேதிகளும் குழந்தை பிறந்த கிழமையிலேயே வரவேண்டும். வராவிட்டால் கணக்கு தப்பு!

* குழந்தையின் பெயர், போன் நம்பர் எதையும் பக்கத்தில் கேட்க வைக்காதீர்கள்.

* தவணை தவறிவிட்டாலும் கலங்க வேண்டாம். உடனே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

வாரக் கணக்கில் சொன்னதும் பக்கம் ஒரு நொடியில் திருந்திவிட்டது. நர்ஸம்மாவும் புது அட்டை எழுதிக் கொடுத்தார். இப்போது இரண்டையும் ஒத்துப் பார்த்த பிறகுதான் ஓரகத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். செய்து தருவது கைபேசியாக இருக்கலாம். உப்புப் பார்க்க வேண்டியது நாம்தானே!