ஊசியைத் திருகத் தெரியாவிட்டால் விமானம் போச்சு! எரிபொருளைப் பூட்டி வைக்காவிட்டால் உயிரே போச்சு!

மணவூர்,-

கள்ளக்குறிச்சியில் 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் 65 பேருக்கு மேல் பலி கொண்ட விஷம் எது? மெத்தனால்! அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு பக்கம் 20 பேருக்கு மேல் சாவுக்குக் காரணமானதும் இதே மெத்தனால்தான்.

ரேடியோ மூலம் பறக்க விடும் மாடல் விமானம் இருக்கிறதே, அதன் குட்டி இஞ்சினுக்குச் சாப்பாடும் இந்த மெத்தனால்தான்! இது எத்தனை பேருக்குத் தெரியும்?

திருத்தணி வட்டாரத்தில் திருவாலங்காட்டை அடுத்த ஊர் மணவூர். பக்கத்தில் அரக்கோணம். அங்கே 1992 மார்ச் 11-ந் தேதி தொடங்கி வைக்கப்பட்ட ராஜாளி கடற்படை விமானத் தளம் இருக்கிறது. 2013-ம் ஆண்டு முதல் "பி-8ஐ" என்ற பெரிய ரோந்து விமானங்களும் அங்கே இருந்து பறக்கின்றன. அண்ணாந்து பார்க்கிற வாலிபர்களுக்கு "நாமும் ஒண்ணு பறக்க விட்டா என்ன?" என்று ஆசை வருவது சகஜம்.

ஆசைப்படலாம். ஆனால் இஞ்சின் வாங்கும் முன் சில விவரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் இறங்கினால் கைக்காசும் போகும், கைவிரலும் போகும்.

தீப்பொறி இல்லாத இஞ்சின்

ஸ்கூட்டர் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் தீப்பொறி விழும். மாடல் விமான இஞ்சினில் அது கிடையாது. அதற்குப் பதில் "க்ளோ பிளக்". உள்ளே மெல்லிய கம்பிச் சுருள். அதில் பிளாட்டினம் கலந்திருக்கும்.

ஒன்றரை வோல்ட் பேட்டரியை மாட்டினால் சுருள் செக்கச் செவேல் என்று பழுக்கும். இஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியைக் கழற்றி விடலாம். பிறகும் சுருள் அணையாது. பிளாட்டினத்தின் மேல் மெத்தனால் ஆவி பட்டதும் சூடு பிறக்கிறது. வெடிப்பின் சூடும் சேர்ந்து கம்பியைப் பழுக்க வைத்துக்கொண்டே இருக்கும். பெட்ரோல் ஊற்றினால் இந்த வித்தை நடக்காது.

அமெரிக்காவில் ரே ஆர்டன் என்பவர் 1947-ம் ஆண்டு இந்தப் பிளக்கை விற்பனைக்குக் கொண்டு வந்தார். கனமான காயில், பேட்டரி, ஒயர் எல்லாம் விமானத்தில் இருந்து இறங்கின. எடை குறைந்தது. உலகம் முழுவதும் குட்டி விமானங்கள் கிளம்பின. ஜப்பானில் ஒசாகா நகரில் ஒகாவா ஷிகெயோ 1936-ல் தொடங்கிய "ஓ.எஸ்." கம்பெனியின் இஞ்சின்கள் இந்த விளையாட்டில் பெரும் புகழ் பெற்றன.

நம் நாட்டிலும் இஞ்சின் செய்தார்கள். கல்கத்தாவில் "அரோரா" என்ற பெயரில் வந்தவை பெரும்பாலும் டீசல் ரகம். லாரி டீசல் என்று நினைக்க வேண்டாம்! ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்த கலவை அது. அதற்கு பிளக்கும் கிடையாது, அழுத்தத்திலேயே பற்றிக்கொள்ளும்.

எந்த இஞ்சின் வாங்குவது?

கடையில் "15", "25", "40", "46", "61" என்று நம்பர் சொல்வார்கள். இது குதிரை சக்தி அல்ல. கன அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 15 என்றால் இரண்டரை சி.சி. 25 என்றால் 4 சி.சி. 40 என்றால் ஆறரை சி.சி. 46 என்றால் ஏழரை சி.சி. 61 என்றால் 10 சி.சி.

புதிதாகப் பழகுகிறவருக்கு இறக்கை 60 அங்குல நீளம், எடை இரண்டரை கிலோ அளவுள்ள பயிற்சி விமானம் போதும். அதற்கு 40 அல்லது 46 தான் சரி. "பெரிசாப் போட்டா வேகமாப் போகும்" என்று 61-ஐ மாட்டினால் மூக்கு கனத்து விமானம் தலைகுப்புறக் கவிழும். சிறிதாகப் போட்டால் கிளம்பியதும் மூச்சு முட்டி விழும்.

2 ஸ்ட்ரோக், 4 ஸ்ட்ரோக் என்று இரண்டு ஜாதி உண்டு. 4 ஸ்ட்ரோக்கின் சத்தம் இனிமை, குடிப்பதும் குறைவு. ஆனால் விலை அதிகம், வால்வு இடைவெளி பார்க்க வேண்டும். 2 ஸ்ட்ரோக் 40 போடும் இடத்தில் 4 ஸ்ட்ரோக் என்றால் 52 அளவு வேண்டும். பழகுகிறவருக்கு 2 ஸ்ட்ரோக்கே நல்லது.

அடுத்து பேரிங். பால் பேரிங் போட்டது நீடிக்கும், ஆனால் துருவுக்குப் பயப்பட வேண்டும். புஷ் போட்டது மலிவு, முரட்டுத்தனமாக உழைக்கும்.

"ஏ.பி.சி." என்றும் ஒரு ரகம். அலுமினிய பிஸ்டன், பித்தளை சிலிண்டர், உள்ளே குரோமிய முலாம். புதிதாக இருக்கும்போது விசிறியைக் கையால் சுற்றினால் மேலே வந்ததும் "கிரீச்" என்று இறுகும். பயந்து திருப்பிக் கொடுத்து விடாதீர்கள்! அப்படித்தான் இருக்க வேண்டும். சூடேறியதும் சிலிண்டர் விரிந்து சரியாகி விடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் மூன்றைப் பாருங்கள். விசிறியைச் சுற்றினால் அழுத்தம் தெரிகிறதா? தண்டு ஆடுகிறதா? பேரிங் கரகர என்கிறதா? அழுத்தம் இல்லாத இஞ்சின் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

விசிறியும் இஞ்சினுக்கு ஏற்றபடி வேண்டும். 25-க்கு 9 அங்குலம், 40-க்கு 10 அங்குலம், 46-க்கு 10 அல்லது 11 அங்குலம், 61-க்கு 12 அங்குலம் என்பது பொதுக் கணக்கு.

கலவையில் விளக்கெண்ணெய்!

எரிபொருளில் மெத்தனால் சுமார் 70 முதல் 80 சதவீதம். உராயாமல் இருக்க எண்ணெய் 18 முதல் 20 சதவீதம். சக்திக்கும், நிதானமான ஓட்டத்துக்கும் நைட்ரோ மீத்தேன் 5 முதல் 15 சதவீதம். நைட்ரோ இல்லாமல் 80 பங்கு மெத்தனால், 20 பங்கு எண்ணெய் என்றும் ஓட்டலாம். சர்வதேச வேகப் போட்டிகளில் அதுதான் விதி.

அந்த எண்ணெய் என்ன தெரியுமா? பாட்டி காலத்து விளக்கெண்ணெய்! அது மெத்தனாலில் கரையும். கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாது. இப்போது செயற்கை எண்ணெயும் சேர்க்கிறார்கள். ஆனால் எண்ணெய் அளவைக் குறைத்து மிச்சம் பிடிக்கப் பார்த்தால் பிஸ்டன் இறுகி இஞ்சின் காலி.

46 இஞ்சினுக்கு 300 மில்லி டேங்க் 10 முதல் 12 நிமிஷம்தான் தாங்கும். ஏன் இத்தனை குடி? பெட்ரோல் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 பங்கு போதும். அதனால் அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் எரிபொருள் செலவாகிறது.

எல்லாம் ஊசியில் இருக்கிறது

"அண்ணே, தரையில நல்லா ஓடுது, மேல போனதும் நின்னுடுது!" மைதானங்களில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பத்தில் ஒன்பது தடவை குற்றவாளி ஊசிதான்.

கார்புரேட்டரில் இருக்கும் இந்த ஊசியைத் திறந்தால் எரிபொருள் கூடும். இது "ரிச்". மூடினால் குறையும். இது "லீன்". எரிபொருளே இஞ்சினுக்கு எண்ணெயும், எரிபொருளே குளிர்ச்சியும். ஆகவே லீனாக ஓடும் இஞ்சின் எண்ணெய் இல்லாமல், சூட்டில் வெந்து சாகிறது.

சரியாக வைக்கும் முறை இது:

முதலில் இஞ்சினோடு வந்த தாளில் சொன்னபடி ஊசியைத் திறக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு முதல் இரண்டரை சுற்று. புது இஞ்சின் என்றால் சில டேங்க் எரிபொருளை ரிச்சாகவே ஓட்டிப் பழக்க வேண்டும். ஏ.பி.சி. ரகத்தை மட்டும் ரொம்ப ரிச்சாக, சூடேறாமல் வெகு நேரம் ஓட்டக் கூடாது.

பிறகு முழு த்ராட்டில் கொடுத்து, ஊசியைச் சிறிது சிறிதாக மூடுங்கள். "பொத்த பொத்த" என்ற முரட்டுச் சத்தம் மாறி "கீ" என்று ஒரே சீராகக் கத்தும். அதுதான் உச்சம். அங்கேயே நிறுத்தி விடாதீர்கள்! ஊசியைக் கொஞ்சம் திறந்து 300 முதல் 500 சுற்று வரை குறைய விடுங்கள். புகைக்கோடு சன்னமாகத் தெரிய வேண்டும்.

இப்போது பரீட்சை. விமானத்தை வானத்தைப் பார்க்கும்படி தூக்கிப் பிடியுங்கள். சத்தம் லேசாக ஏறினால் சரி. இறங்கினால், திணறினால் லீன். ஊசியைத் திறக்க வேண்டும். மேலே ஏறும்போது டேங்கில் இருந்து எரிபொருள் வருவது கடினம். அதனால்தான் தரையில் ஓடியது மேலே போய் நிற்கிறது.

எரிபொருள் டியூபை நொடி நேரம் நசுக்கிப் பார்ப்பதும் ஒரு வழி. சத்தம் ஏறினால் ரிச்சாக இருக்கிறது, நல்லது. உடனே அடங்கினால் லீன்.

குறைந்த வேகத்துக்கு வேறு திருகு உண்டு. மெதுவாக ஓட விட்டு, திடீரென்று த்ராட்டிலைத் திறங்கள். புகை கக்கித் திணறினால் ரிச். டப்பென்று நின்றால் லீன்.

இத்தனையும் செய்தும் சரியாகவில்லையா? டேங்கைப் பாருங்கள். டேங்கின் நடுமட்டம் கார்புரேட்டர் ஊசி மட்டத்துக்குச் சரியாக அல்லது சற்றே கீழே இருக்க வேண்டும். டியூபில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் காற்று புகுந்து விடும்.

வானிலையும் கெடுக்கும். சித்திரை மதியத்தில் வைத்த ஊசி மார்கழிக் காலையில் பொருந்தாது. குளிர்ந்த காற்று அடர்த்தி. அதற்கு எரிபொருள் கூடுதல் வேண்டும், ஊசியைத் திறக்க வேண்டும்.

விசிறி அல்ல, கத்தி!

10 அங்குல விசிறி நிமிஷத்துக்கு 10 ஆயிரம் சுற்று சுற்றினால் அதன் முனை மணிக்கு 480 கி.மீ. வேகத்தில் வெட்டும். ரயிலை விட வேகம்!

விரலால் தட்டி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கம்போ, எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரோ வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் பின்பக்கமாக வந்து அங்கிருந்தே பேட்டரியைக் கழற்றுங்கள், ஊசியைத் திருகுங்கள். தோளில் துண்டு, கழுத்தில் செயின் கூடாது. வேட்டி கட்டிக்கொண்டு குனியவே கூடாது. வேடிக்கை பார்க்கிற பையன்களை விசிறிக்கு நேராக நிற்க விடாதீர்கள்.

பச்சைத் தண்ணீர் போல் இருக்கும் எமன்

மெத்தனால் பார்க்கத் தண்ணீர். 10 மில்லி உள்ளே போனால் பார்வை பறிபோகலாம். 30 மில்லி உயிரையே பறிக்கலாம். உடலுக்குள் அது பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கருக்குகிறது. பல மணி நேரம் ஒன்றும் தெரியாது. மறுநாள்தான் கண் மங்கும். அதற்குள் காலம் கடந்து விடும்.

டியூபை வாயில் வைத்து உறிஞ்சவே கூடாது. தோல் வழியாகவும் உடலில் ஏறும். கையில் பட்டால் கழுவி விடுங்கள். தப்பித் தவறி உள்ளே போனால் "பார்க்கலாம்" என்று வீட்டில் இருக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரி. மாற்று மருந்தும், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிசும் உண்டு.

தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. எரிவது தெரியாமலே கை வெந்து போகும்.

சோடா பாட்டில், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது கொலைக்குச் சமம். பெயர் ஒட்டிய கேன், இறுக்கமான மூடி, பூட்டிய அலமாரி. மூடியைத் திறந்து வைத்தால் காற்றில் உள்ள ஈரத்தையும் குடித்து எரிபொருள் கெடும். பறந்து முடித்ததும் டேங்கைக் காலி செய்து, இஞ்சினில் மிச்சத்தை ஓட்டித் தீர்த்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும். இல்லாவிட்டால் பேரிங் துருப்பிடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் மெத்தனாலுக்கு 1959-ம் ஆண்டு முதலே தனி விதிகள் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்க முடியாது. கள்ளக்குறிச்சி சாவுகளுக்குப் பிறகு 2024-ல் மதுவிலக்குச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. விஷச் சாராயச் சாவு வழக்கில் ஆயுள் தண்டனை வரை உண்டு. ஆந்திர எல்லை ஓரத்தில் பெயர் ஒட்டாத கேனில் கொண்டு போனால், "விமானத்துக்குங்க" என்று போலீசாரிடம் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம்!

வானத்துக்கும் சட்டம் உண்டு. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளில் ஆளில்லாமல் பறக்கும் மாடல் விமானமும் அடங்கும். எடை 25 கிலோவைத் தாண்டக் கூடாது. கண் பார்வையில் இருக்க வேண்டும். வான்வெளி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. சிவப்பில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது. மஞ்சளில் விமானக் கட்டுப்பாட்டு அறை அனுமதி வேண்டும். ராஜாளி தளம் பக்கத்தில் இருக்கிற வட்டாரம் இது. இடத்தை வரைபடத்தில் பார்க்காமல் பறக்க விடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

இத்தனை தொல்லை வேண்டாம் என்கிறவர்களுக்கு மின்சார மோட்டார் இருக்கிறது. லித்தியம் பேட்டரியை மாட்டினால் பறக்கும். ஊசி இல்லை, மெத்தனால் இல்லை. இன்று புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அதைத்தான் எடுக்கிறார்கள். பள்ளிப் பையன்களுக்கு அதுவே உத்தமம்.

விளக்கெண்ணெய்ப் புகை வாசனையும், இஞ்சின் சத்தமும் வேண்டும் என்கிறவர்கள் க்ளோ இஞ்சினுக்கு வரலாம். ஆனால் தனியாக வேண்டாம். என்.சி.சி. விமானப் பிரிவில் மாடல் விமானப் பயிற்சி உண்டு. அங்கேயோ, அனுபவம் உள்ளவர்களிடமோ பழகிக்கொண்டு, லைசென்ஸ் உள்ள இடத்தில் தயார் கலவையாக வாங்குவதே சரி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், இஞ்சினுக்கு முன்னால் வாங்க வேண்டியது ஒரு நல்ல பூட்டு!